மழை நாளில் எழுதிய மனு

ரப்பர் மரத்துக்கு மழை ஆகாது. பட்டை நனைந்திருக்கும்போது கத்தி வைத்தால், பால் சிரட்டைக்குள் விழாமல் மரத்தைச் சுற்றி வழிந்து மண்ணுக்குப் போய்விடும். அதனால் எங்கள் தோட்டத்தில் காலையில் மழை என்றால் அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளில் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் இருப்பதைப் பெண்கள் அரைமணி நேரத்துக்கு மேல் தாங்கமாட்டார்கள். வெளியே துரத்தப்பட்டவர்களுக்கு மழையில் ஒதுங்க இருக்கிற ஒரே இடம் பிள்ளைக் காம்பரா. அதாவது, தாய்மார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற கட்டடம். அதன் தாழ்வாரத்தில் நாலு பேர் சேர்ந்தால் அரட்டை, பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம்.

எங்கள் தோட்டத்துச் சங்கங்கள் எல்லாம் இப்படி மழையில் முளைத்தவைதான். இலங்கையில் எங்கள் கரவனெல்லைப் பக்கம் மழைக்குப் பஞ்சம் கிடையாது. ஆகவே நான் ஏழு சங்கங்களுக்குச் செயலாளர்.

செயலாளர் பதவிக்கு எனக்கிருந்த தகுதி ஒன்றே ஒன்று. தமிழ்ப் பள்ளிக்கூடம் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருந்ததால், எட்டாம் வகுப்பு வரை கிராமத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்தேன். என் சிங்கள எழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுத்தில் இருக்கிற அழகு விஷயத்தில் இல்லை என்பதை அதுவரை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. பைப்புக்கு மனு, பாலத்துக்கு மனு, பஸ்ஸுக்கு மனு என்று எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. அதனால் மனு எழுதுவது கடலில் கல் போடுகிற மாதிரி ஒரு நல்ல, தீங்கில்லாத பொழுதுபோக்கு என்றே நம்பியிருந்தேன்.

தோட்டத்தின் அடிவாரத்தில், ரோட்டு முனையில், ரப்பர் பாய் செய்கிற சின்னத் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. கார்களில் காலடியில் போடுகிற பாய். முதலாளி பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர். டொலர் ஏறி, எண்ணெய்க்கும் கேஸுக்கும் நாடே வரிசையில் நின்ற காலத்துக்குப் பிறகு, கை கால் ஒழுங்காக இருந்தவர்கள் எல்லாம் எங்கேயாவது போய்விட்டார்கள். ஒருவன் கொழும்பில், ஒருவன் கட்டாரில், ஒருவன் ருமேனியாவில். "ஆட்கள் தேவை" என்று முதலாளி கேட்டில் மாட்டிய பலகை ஒரு வருஷம் தொங்கியது. அதில் பாகற்கொடி படர்ந்து, முதலாளியின் மனைவி காய்கூடப் பறித்தார்.

நானும் அந்த வேலைக்குப் போனவன்தான். பாய் அச்சடிக்கிற மெஷின் பக்கத்தில் நின்றால், சூட்டில் மனிதன் அப்பளம் மாதிரி மேலே எழும்பிவிடுவான். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை "ஒரு பேர்" என்று சொல்வோம். அந்தத் தொழிற்சாலைக்கு நான் கொடுத்தது ஒன்றரைப் பேர். இரண்டாம் நாள் மத்தியானம் சோற்றுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. கேட்டவர்களிடம், கொள்கை வேறுபாடு என்று சொன்னேன்.

கடைசியில் முதலாளி இந்தியாவிலிருந்து ஒன்பது ஆட்களை, முறையாக அனுமதிப் பத்திரம் எல்லாம் எடுத்து, வரவழைத்தார். அவர்கள் தங்குவதற்கு எங்கள் தோட்டத்துக் கீழ் லயத்தை, ஒட்டி ஒட்டிக் கட்டின தொழிலாளர் வீட்டு வரிசையை, வாடகைக்குப் பிடித்தார். கீழ் லயத்துக் குடும்பங்கள் கொழும்புக்குப் போய் இரண்டு வருஷமாக அங்கே வௌவால்தான் குடியிருந்தது.

"இந்தியாவுல இருந்து நம்ம ஆளுக வர்றாங்களாம்" என்ற செய்தி பரவியதும் தோட்டம் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. கோயில் தலைவர் வெள்ளை வேட்டி கட்டினார். தலைவர் என்றால் எல்லாச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோழி வளர்க்கிறவர், எதையும் மார்பில் தட்டித்தான் சொல்லுவார். மாலை கட்டினோம். தப்புக்காரர்கள் தப்பு மேளத்தை நெருப்பில் காய்ச்சி வைத்தார்கள். லொறி வந்து நின்று ஒன்பது பேரும் இறங்கியபோது தலைவர் முன்னால் போய், பாட்டன் பூட்டன் தமிழ்நாட்டை விட்டு வந்த நூற்றைம்பது வருஷப் பாசத்தைக் குரலில் வரவழைத்துக்கொண்டு கேட்டார்:

"வாங்கப்பா, வாங்க! எந்தப் பக்கம்? திருச்சியா, நாமக்கல்லா?"

ஒன்பது பேரும் சிரித்தார்கள். ஒருவன் கைகூப்பி, "நமஸ்தே" என்றான்.

தலைவர் மறுபடி கேட்டார். அவன் மறுபடி நமஸ்தே என்றான். இப்படி மூன்று தரம் ஆயிற்று. தப்பு ஆறிப்போனது.

"என்னய்யா இது, இந்தியாக்காரன்னு சொல்லிட்டு வேற எவனையோ அனுப்பி வச்சிருக்கான்," என்று தலைவர் என்னிடம் முணுமுணுத்தார். மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் லொறி டிரைவருக்குப் போட்டோம்.

அப்போதுதான் என் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் குவைத்தில் பதினோரு வருஷம் வீட்டு வேலை பார்த்தவள். அந்த வீட்டில் டிரைவர், சமையல்காரர் எல்லாம் வட இந்தியர்கள். அவள் அந்த ஒன்பது பேரிடமும் படபடவென்று இந்தியில் என்னவோ கேட்டாள். அவர்கள் முகம் எல்லாம் ஒரே நேரத்தில் மலர்ந்தது. ஒருவன் கண்ணைத் துடைத்தான். இன்னொருவன் ஏதோ சொல்ல, அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. இத்தனை வருஷம் தமிழில் நான் சொன்ன பகடிக்கெல்லாம் அவள் "ம்" என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"என்ன கேட்ட?" என்றேன்.

"சாப்பிட்டீங்களான்னு கேட்டேன்."

"அதுக்கா அழுறான்?"

"அத கேக்க ஆள் இல்லாத எடத்துல இருந்து பாருங்க, தெரியும்," என்றாள்.

அன்றைக்கே அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தாள். முதல் நாள் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும். உறைப்பில் ஒன்பது பேரும் பைப்படியில் வரிசையாகக் குந்தியிருந்ததைத் தோட்டமே பார்த்தது. இரண்டாம் நாள் அவர்களிடமே கேட்டு, கோதுமை ரொட்டியும் பருப்பும் உருளைக்கிழங்கும் செய்தாள். மூன்றாம் நாள் அவர்கள், எங்களுக்குத் தினமும் மூன்று வேளை நீங்களே சமைத்துத் தாருங்கள், வாரா வாரம் கையில் காசு தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் படித்தவர்கள் என்ன பெயர் சொல்லி அழைப்பார்களோ தெரியாது. எங்கள் லயத்தில் அதை "அவங்க வந்ததுல இருந்து" என்று சொன்னோம். அவங்க வந்ததிலிருந்து தலைவரின் முட்டைக்குக் கிராக்கி. பக்கத்து வீட்டு அக்கா வைத்திருந்த ஒற்றை மாட்டுப் பாலுக்கு, தயிருக்கென்று முன்பதிவு. கடைக்கார அண்ணன் பாதி மூடியே வைத்திருந்த கதவை முழுதாகத் திறந்து, யாரும் கேள்விப்படாத கடுகெண்ணெயை எங்கிருந்தோ வரவழைத்தார். ஆட்டோக்காரருக்கு ஞாயிறு தவறாமல் கேகாலைக்கு ஓட்டம். ஒன்பது பேரையும் இரண்டு நடையில் ஏற்றுவார். ஒரு நடையிலும் ஏற்றியிருக்கிறார், அதை நான் எழுதக் கூடாது.

இவ்வளவு நன்மை நடந்தால் சங்கம் சும்மா இருக்குமா? மூன்று நாள் விடாமல் மழை பிடித்தது. மூன்றாம் நாள் பிள்ளைக் காம்பராத் தாழ்வாரத்தில் தலைவர் மார்பில் தட்டினார்.

"நம்ம புள்ளைங்க வேலைய தட்டிப் பறிச்சிட்டானுங்க!"

"எந்தப் புள்ளைங்கண்ணே?" என்றார் ஆட்டோக்காரர். "ஒங்க மகன் ரெண்டு பேரும் கொழும்புல. என் மக கட்டுநாயக்கா கார்மெண்ட்ஸ்ல."

"அவங்க திரும்பி வந்தா?"

"வருவாங்களா?"

"வரமாட்டாங்க. ஆனா வந்தா?"

"அந்த வேலைய நம்மள்ல பாத்தவரு இவரு ஒருத்தருதான்," என்று என்னைக் காட்டினார் கடைக்கார அண்ணன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இரண்டாம் நாளில் நான் விட்டு வந்த மீதி அரை நாளை இப்போது எவனோ ஓர் அந்நியன் அனுபவித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தபோது எனக்கே ரத்தம் கொதித்தது. மனு எழுதத் தாள் கேட்டேன்.

நான் எழுதியதிலேயே ஆகச் சிறந்த மனு அதுதான் என்று இன்றும் சொல்வேன். சிங்களத்தில் இப்படி எழுதினேன்: இவர்கள் வேலைக்கென்று இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். தோட்டத்து லயத்தில் ஓர் ஒற்றை அறைக் காம்பராவுக்கு நாலைந்து பேராகக் குடியிருக்கிறார்கள். இவர்கள் பேசுகிற மொழி கிராமத்தில் யாருக்கும் புரியாது. விடிவதற்கு முன்பே சாமிப் பாட்டுப் போடுகிறார்கள். வாசலுக்கு வாசல் கயிறு கட்டித் துணி காயப்போடுகிறார்கள். இவர்கள் தாளிக்கிற வாசனை ரோடு வரைக்கும் வருகிறது. மற்றவர்கள் செய்ய மறுக்கிற வேலையைக் குறைந்த சம்பளத்துக்குச் செய்வதால் ஊரில் கூலி ஏறுவதில்லை. ஆகவே இவர்களை வந்த இடத்துக்கே அனுப்பிவைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

எத்தனை பேர் என்று எழுதவில்லை. ஒன்பது என்று எழுதினால் அலுவலகத்தில் சிரிப்பார்கள். எண்ணிக்கை போடாவிட்டால் பயப்படுவார்கள். எப்போது வந்தார்கள் என்றும் எழுதவில்லை. தேதி போட்டால் மனு பழசாகிவிடும் என்பது என் அனுபவம். வாசித்துக் காட்டியபோது தாழ்வாரம் அப்படியே உருகிப்போனது.

"கூடவே இருந்து பாத்த மாதிரி எழுதியிருக்கீங்க," என்று தலைவர் மூக்கை உறிஞ்சினார். முட்டை விற்கிற தலைவர், பால்காரக்கா, கடைக்காரர், ஆட்டோக்காரர் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மழை விட்டதும் தலைவர் அந்த ஒன்பது பேருக்கு முட்டை கொடுக்கப் போனார்.

மறுநாள் மனுவை நானே கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுத்தேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். அங்கே எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். வெற்றி வீரனாக வீட்டுக்கு வந்தேன்.

அடுப்படியில் என் மனைவி மாவோடு உட்கார்ந்திருந்தாள். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அவள் மறுபடியும் குவைத்துக்குப் போவதாக இருந்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற கேகாலை ஏஜென்சிக்காரர் வேலைக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். பாஸ்போர்ட் பிஸ்கட் டின்னில் தயாராக இருந்தது. "போகவா?" என்று அவள் கேட்டபோது நான் "ஒன் இஷ்டம்" என்று சொன்னேன். என்னிடம் இருக்கிற பெரிய குறை இதுதான். ஊருக்கெல்லாம் மனு எழுதுவேன், எனக்கு வேண்டியதை மட்டும் கேட்கத் தெரியாது. முதல் பதினோரு வருஷம் அவள் இல்லாத வீட்டில் நான் சமைத்ததை நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போகும். மத்தியானத்தில் வீட்டுக்கு வந்து, பூட்டைத் திறந்து, யாரிடம் பேசுவது என்று தெரியாமல் மறுபடி பூட்டிக்கொண்டு வெளியே போன நாட்கள் உண்டு.

"ஏஜென்சிக்காரரு போன் பண்ணாரு," என்றாள். "ஒரு மாசம் டைம் கேட்டிருக்கேன்."

"ஏன்?"

"இந்த ஒம்பது பேரும் நெலச்சு நின்னாங்கன்னா நான் போகலைங்க. இங்கேயே ஓட்டிக்கலாம். அவங்க போயிட்டா நானும் போயிருவேன்." மாவைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "பாப்போம். அவங்கள யாரு வெரட்டப் போறா?"

வெரட்டப் போகிறவன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு மற்றதை மறந்துவிட்டேன். "என்னங்க, ஒத்தச் செருப்போட உள்ள வர்றீங்க?" என்றாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அலுவலகத்துக்கு ஓடினேன். மனுவைத் திரும்பத் தாருங்கள் என்று கேட்டேன். "ஃபைலுக்குள் போனது போனதுதான்," என்றார் அங்கே எழுத்து வேலை பார்க்கிற லிகிதர். "வேண்டுமானால் இன்னொன்று எழுதிக் கொடுங்கள். அதையும் அதோடு சேர்த்து வைக்கிறோம்."

சரி, இதற்கு முன் எழுதிய எதற்குமே பதில் வந்ததில்லையே, இதற்கு மட்டும் எங்கே வரப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பத்து நாளில் பதில் வந்தது. என் வாழ்நாளில் அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த முதல் கடிதம். அதிகாரி நேரில் வந்து விசாரிப்பாராம்.

"என்னங்க கடுதாசி?" என்றாள் மனைவி.

"பைப்பு."

"பைப்புக்கா அதிகாரி வர்றாரு?"

"பெரிய பைப்பு," என்றேன்.

இரண்டாவது மனுவை அன்றே எழுதினேன். மேற்படி ஆட்கள் மிகவும் நல்லவர்கள். இந்தப் பகுதியின் பொருளாதாரம் இவர்கள் தலையில்தான் நிற்கிறது. இவர்கள் போனால் முட்டை, பால், கடை, ஆட்டோ எல்லாம் படுத்துவிடும். ஆகவே இவர்களை இருக்கவிடுமாறு அதே தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். வீடு வீடாகப் போனேன். முதல் மனுவில் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும், "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவதிலும் போட்டார்கள். தலைவர் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்: அவர் மனம் மாறியதாக எங்கேயும் எழுதக் கூடாது. எழுதவில்லை. அவசரத்தில், மேற்படி ஆட்கள் யார் என்றும் எழுதவில்லை.

விசாரணை நாளன்று கண் கூசுகிற வெயில். தோட்டத்தை நிர்வகிக்கிற துரையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், நின்றோம். கிராம சேவகர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் ஒரு வெள்ளை வேனில் அதிகாரி. இளம் பெண். கையில் குடையும் ஃபைலும். பேச்சு முழுக்கச் சிங்களத்தில் நடந்தது. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

அந்த நேரத்தில் ஒன்பது பேரும் தொழிற்சாலையில் இருந்தார்கள். அவர்கள் எதிரில் இல்லாததும் நல்லதுதான் என்று நினைத்தேன். அதிகாரி முதல் மனுவை எடுத்தார். ஒரு வரியைப் படித்தார், நிமிர்ந்து லயத்தைப் பார்த்தார். வாசலுக்கு வாசல் கயிற்றில் எங்கள் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. பென்சிலால் ஒரு சரி போட்டார். மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தார். என் வீட்டு அடுப்பில் கடுகு வெடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு சரி. கோயில் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. சரி.

"ஒரு காம்பராவில் எத்தனை பேர்?" என்று தலைவரைக் கேட்டார்.

"எங்க வீட்டுலயா மிஸ்? அஞ்சு பேரு."

சரி.

"முதலில் எங்கேயிருந்து வந்தவர்கள்?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தவர் தலைவர். மார்பில் தட்டினார். "நாமக்கல் பக்கம் மிஸ்! எங்க தாத்தாவோட அப்பா மன்னாருல எறங்கி காட்டு வழியா நடந்தே வந்தாரு!"

"திருப்பி அனுப்பவேண்டிய இடம், நாமக்கல்," என்று சொல்லிக்கொண்டே அதிகாரி எழுதினார்.

எனக்கு அப்போதுதான் உச்சந்தலையில் உறைத்தது.

அவர் அடையாள அட்டைகளைக் கேட்டார். நாங்கள் ஓடினோம். இத்தனை தலைமுறை இங்கேயே பிறந்து இங்கேயே புதைகிறவர்கள், அட்டையை எடுக்க ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால் நேற்றுக் கப்பலில் இறங்கியவர்கள் மாதிரிதான் இருந்தோம். கடைக்கார அண்ணன் அட்டை கிடைக்காமல் தண்ணீர் பில்லைக் கொண்டுவந்து நீட்டினார்.

எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு அதிகாரி ஃபைலை மூடினார். "எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் விளங்கவில்லை. குற்றம் சாட்டியவர்களும் நீங்கள், சாட்டப்பட்டவர்களும் நீங்கள். உங்களை அனுப்பிவிடச் சொல்லி நீங்களே ஏன் மனுப் போட்டீர்கள்? பிறகு இருக்கவிடச் சொல்லி ஏன் இன்னொன்று? எழுதியது யார்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் வாயைத் திறந்தேன். இல்லை மிஸ், அது நாங்கள் இல்லை, கீழ் லயத்தில் ஒன்பது பேர் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றியது என்று சொல்லத்தான் திறந்தேன். வலது கை தானாக எழும்பி, விரல் கீழ் லயத்தைப் பார்த்து நீண்டது. அந்த நேரம் பார்த்து, விருந்தாளிகளுக்குத் தேநீர்த் தட்டை ஏந்திக்கொண்டு என் மனைவி களத்துக்குள் வந்தாள். சிங்களம் அவளுக்கு என்னைவிட நன்றாகவே விளங்கும். கடைசிக் கேள்வியைக் கேட்டிருந்தாள். தட்டோடு நின்று என் விரலைப் பார்த்தாள். விரல் நீளுகிற திசையைப் பார்த்தாள்.

விரலைத் திருப்பி என் நெஞ்சில் வைத்தேன்.

"நாங்கதான் மிஸ்," என்றேன். "அந்த மனு எங்களைப் பத்தினதுதான்."

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. தமிழுக்குத் தாவினார். "என்னய்யா சொல்ற? கிறுக்கா ஒனக்கு? அஞ்சு தலமொறயா இங்க கெடக்குறோம், நாங்க வந்தேறியா? அது கீழ் லயத்துக்காரன்னு சொல்லுய்யா!"

"அண்ணே," என்றேன் மெதுவாக. "முட்டை."

தலைவர் நின்றார். கோழிக் கூட்டைப் பார்த்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு அதிகாரியின் பக்கம் திரும்பி, சிங்களத்தில், "ஆமாங்க மிஸ். நாங்கதான்," என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நானும்தான்," என்றார் ஆட்டோக்காரர். "நான் ரொம்பவே," என்றார் கடைக்கார அண்ணன், தண்ணீர் பில்லை உயர்த்திப் பிடித்தபடி. பால்காரக்கா தன் வீட்டுத் தாளிப்பு வாசனைதான் ரோடு வரைக்கும் போகிறது என்று சத்தியம் செய்தார்.

"அதுதான் ஏன் என்று கேட்கிறேன்," என்றார் அதிகாரி.

"மழை மிஸ்," என்றேன். வேறு எதுவும் தோன்றவில்லை. "மூணு நாள் வெட்டு இல்ல. வேலை இல்லாம உக்காந்து எங்களைப் பத்தியே யோசிச்சுப் பாத்தோம். எங்களுக்கே எங்களப் புடிக்கல. மனு எழுதினோம். அப்புறம் வெயில் அடிச்சது. பாத்தா, பரவாயில்லாத ஆளுகளாத்தான் தெரிஞ்சோம். அதான் ரெண்டாவது."

அதிகாரி கிராம சேவகரைப் பார்த்தார். அவர் ரப்பர்க் காட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்கும் இரண்டு ஏக்கர் இருக்கிறது. கீழ் லயத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். தினமும் அந்த வழியாகத்தான் போகிறார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், என் மனைவி நீட்டிய தேநீரைப் பார்த்தார், எடுத்துக்கொண்டார்.

"சரிதான் மிஸ். ரப்பர் ஊரில் மழை என்றால் இப்படித்தான்," என்றார் மிகவும் கனமான குரலில். "போன வருஷம் எங்கள் கிராமத்தில் ஒருவர் தன் சொந்தப் பலா மரத்துக்கு எதிராக முறைப்பாடு கொடுத்தார்."

அதிகாரி பெருமூச்சு விட்டார். எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: மனுதாரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே முறையிட்டு, பின்னர் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்டமையால், மேல் நடவடிக்கை அவசியமில்லை. போகும்போது ரொட்டிப் பார்சல் இரண்டு வாங்கிக்கொண்டு போனார். காசு கொடுத்தார், என் மனைவி வாங்கவில்லை.

வேன் இறங்கிப் போனதும் களம் காலியாகிவிட்டது. தலைவர் மட்டும் போகும்போது, "நாமக்கல்லுன்னு எழுதிட்டாளேய்யா, அத அழிச்சாளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். என் மனைவி கோப்பைகளை அடுக்கினாள்.

"பெரிய பைப்புன்னு சொன்னீங்க?"

நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் ஒன்றுமில்லை.

"வெரலு முதல்ல எங்க போச்சு?"

"கொசு," என்றேன்.

"மனு அந்த மிஸ் கையில இருந்துச்சு. எட்டிப் பாத்தேன். முத்து முத்தா இருந்துச்சு எழுத்து." தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பினாள். "என்னை வெரட்டுறதுக்கு இவ்வளவு அழகா எழுதியிருக்கீங்க. போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா ஒங்களுக்கு?"

தண்டனை அன்றே அறிவிக்கப்பட்டது. ஒன்பது பேருக்கும் மூன்று வேளைக்கான மாவை இனிமேல் நான்தான் பிசைய வேண்டும். எந்தக் கையால் எழுதினேனோ அந்தக் கையால். வெட்டு இருக்கிற நாளில் வேலைக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும். வெட்டு இல்லாத நாளில் முழு நாளும். பத்து நாள் ஆகியும் என் ரொட்டி வட்டத்துக்கு வரவில்லை. ஒரு நாள் இலங்கை மாதிரி வந்தது. அந்த ஒன்பது பேரில் மூத்தவர் அதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார். அங்கிருந்து அவர் மனைவி சிரிக்கிற சத்தத்தைப் போனில் எனக்குக் கேட்கவைத்தார்.

ஏஜென்சிக்காரரிடம் கேட்ட ஒரு மாசக் கெடு முடிகிற நாளன்று காலையிலிருந்து நல்ல மழை. பிள்ளைக் காம்பரா பக்கமிருந்து தலைவர் குரல் கொடுத்தார்: "செயலாளரே! கூட்டம்! சீக்கிரம் வாங்க, முக்கியமான விஷயம்!" முழங்கை வரை மாவோடு உட்கார்ந்திருந்த நான், வரமுடியாது என்று கத்தினேன். சரியாக அந்த நேரத்தில் மனைவியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். "ஏஜென்சிக்காரரு," என்றாள். போனைக் கொண்டுவந்து என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களே சொல்லுங்க," என்றாள்.

"ஹலோ, மேடம் இருக்காங்களா?" என்றது போன். "குவைத்து வீட்டுக்காரங்க காத்துக்கிட்டு இருக்காங்க. ரெடியா இல்லையான்னு இன்னைக்குச் சொல்லணும்."

தொண்டையைச் செருமினேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க வரல. நான் விடமாட்டேன்," என்றேன். நான் சொன்ன சத்தத்தில் தாழ்வாரத்துக் கூட்டமே எட்டிப் பார்த்தது.

"ஏன் சார்? நல்ல வீடு சார். அங்க ஆள் இல்லாம ரொம்பக் கஷ்டப்படுறாங்க."

"இங்கயும் அதே கஷ்டந்தாங்க," என்றேன். "இந்தியாவுல இருந்து ஒம்பது பேர எறக்கியும் வேலைக்கு ஆள் பத்தல. என்னையே மாவு பிசைய வச்சிருக்காங்கன்னா பாத்துக்குங்க."